கதவருகே தொங்கும் நோட்டு

மீகதாராவில் டீசல் பம்ப்பை ஒட்டிய கடையில்
கதவருகே நூலில் தொங்குகிறது ஒரு நோட்டு.
தங்கம் தேடும் கருவியை வாங்கிப் போனவர்கள்
திரும்பி வந்து எழுதிய அபிப்பிராயங்கள்.
பேனாவும் நூலில்தான்.
அதை மட்டும் இரண்டு முறை திருடிவிட்டார்களாம்.

என் பையில் ஆறாயிரம் டாலர்,
பதினான்கு மாத இரவுப்பணி.
வாங்கும் முன் படித்துவிடலாம் என்று நின்றேன்.

டிரெஸைஸ் என்பவர் பெரிய எழுத்தில்:
"மூன்றாம் நாளே கட்டைவிரல் நகமளவு தங்கம்.
கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."
கண்ணை மூடிக்கொண்டு வாங்கவா
இருநூறு கிலோமீட்டர் கண்ணை விழித்து ஓட்டி வந்தேன்?
எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை.
எழுதவும் மாட்டார்.
இடத்தைப் பொத்திக்கொள்ளும் கை
கருவி விஷயத்தில் மட்டும் விரிந்திருக்குமா?

அதே கருவி, அதே வருடம், லோர்னா கட்டாவிச்:
"இரும்பேறிய கல்லைக் கண்டால் போதும், வீறிடுகிறது.
பல் முளைக்கும் பிள்ளைகூடத் தேவலை."
இருவருக்கும் நடுவே
நாற்பது கிலோமீட்டர் செம்மண்.
கையெழுத்துதான் மனிதருடையது,
பேசியிருப்பது மண்.

யாரோ ஒருவர் "கடற்கரையில் அபாரம்" என்கிறார்.
கடல் இங்கிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

"ஏழு நாளில் ஏழு கட்டி!"
இதற்குப் பெயர் இல்லை.
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.
திரும்பிப் பார்த்தேன்.
கல்லாவில் யோஸ்ட்
யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தார்,
எழுபத்தேழு டாலர்,
இரண்டு ஏழுக்கும் இடுப்பில் கோடு.

எனக்கு இது புதிதில்லை.
வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை
என்று இரவெல்லாம் கேட்பது என் தொழில்.
பத்து என்பார் ஒருவர், பிஸ்கட் மென்றபடி.
மூன்று, மூன்றுதான் என்பார் இன்னொருவர்.
படம் எடுத்துப் பார்த்தால்
இடுப்பெலும்பு இரண்டாக இருக்கும்.
எண்ணை எழுதிக்கொள்வேன்,
முகத்தைப் பார்த்து மருந்து கொடுப்பேன்.
நோட்டுக்கு முகம் இல்லை.

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம்.
பென்சில், சாய்ந்த எழுத்து, எம். பிக்கெட்.

"ஆறு வாரம்.
ஆணி நூற்றுப் பதினொன்று. லாடம் இரண்டு.
ஈயக்குண்டு எண்ணவில்லை.
மத்தி மீன் டப்பாவின் சாவி ஒன்று.
தங்கம் இல்லை.
கருவி நல்லது.
நான் நடந்த மண்ணில் இருந்ததைச் சொன்னது.
இல்லாததைச் சொல்லவில்லை."

நின்றபடியே மூன்று முறை படித்தேன்.
கிடைத்தவர் எல்லாரும் தங்கத்தைப் புகழ்ந்திருந்தார்கள்,
கிடைக்காதவர்கள் கருவியை வைதிருந்தார்கள்,
பெரும்பாலோர் எழுதாமலே ஊர் போயிருப்பார்கள்.
இந்த ஒரு ஆள்
வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு,
இதில் குற்றம் கருவியுடையது அல்ல என்கிறார்.

"படித்தாயிற்றா, சிஸ்டர்?" என்றார் யோஸ்ட்.
"பிக்கெட் வாங்கியது எது?"
அவர் முகம் கொஞ்சம் வாடியது.
அது விலை குறைவு.

ஒன்பது ஞாயிறு நடந்தேன்.
காதில் அதன் முனகல்,
கழுத்தில் ஈக்கள்,
பூட்ஸில் மண்.
நேற்று நோட்டில் எழுதினேன், பிக்கெட்டுக்குக் கீழே:
ஆணி எண்பத்துநான்கு. பீர் மூடி முப்பது.
யாருடையதோ ஒரு பெல்ட் கொக்கி.
தங்கம் ஒன்று, அரிசி நொய்யளவு.

எழுதி முடித்தபின்னும் பேனா கையைவிட்டுப் போகவில்லை.
"கண்ணை மூடிக்கொண்டு" என்று ஆரம்பித்து
அடித்துவிட்டேன்.

நொய்யை உள்ளங்கையில் வாங்கி
விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார் யோஸ்ட்.
"எந்தப் பக்கம்?"

"வடக்கே" என்றேன்.

தெற்கே கிடைத்தது.